லைன் போகாமல் காத்தவன்

ரிங்கை வெட்டினால் ‘சரி’ என்று அர்த்தம். கடைசி வரை அடிக்க விட்டால் ‘வேண்டாம்’. லுணுகலை டவுனுக்கு மேலே ஏறிப் போகிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கையில் போன் வந்த புதிதில் பேசினால் காசு போனது, வெட்டினால் போகவில்லை. அவ்வளவுதான் விசயம். ‘இன்றைக்குக் கோழி எடுக்கவா?’ என்று காலையிலேயே கேட்டு வைத்துவிட்டு, பின்னேரம் டவுனில் கடை வாசலில் நின்று ரிங் கொடுப்பார்கள். வீட்டிலிருந்து வெட்டினால் கோழி. அடித்து ஓய்ந்தால் கருவாடு. போன் கம்பெனிக்கு ஒரு சதமும் கொடுக்காமல் ஒரு தோட்டமே இப்படிப் பேசிக் காலம் தள்ளியது. கெட்டிக்காரர்கள்தான், அதில் என்ன சந்தேகம்.

சதீஸ்குமாருக்குக் கல்யாணம் நிச்சயமானதே இந்த வகையில்தான். அப்போது அவன் கொழும்பில், புறக்கோட்டைப் புடவைக்கடை ஒன்றில் நின்றான். கலாராணி அதே தோட்டத்துப் பிள்ளை. கார்மெண்ட்டில் தையல் மெஷினில் வேலை. ஒரு நாள் துணிந்து, ‘வீட்ல வந்து பொண்ணு கேக்கச் சொல்லவா? மத்தியானம் ரிங் குடுக்கிறேன்’ என்று மெசேஜ் அனுப்பிவிட்டான். மத்தியானம் கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று, நம்பரை அழுத்தினான். முதல் ரிங் முழுசாகக் கேட்கவில்லை, அதற்குள் வெட்டிவிட்டாள்.

“காலையிலேர்ந்து போன கையிலயே வச்சுக்கிட்டு இருந்தேன். சுப்பவைசர் ஏச ஏச கீழ வைக்கல. எங்க கைதவறி அடிச்சுக்கிட்டே போயிருமோன்னு பயம்” என்றாள் பிறகு.

இந்தக் கதையை அவன் கல்யாண வீட்டில் சொன்னான், கடையில் சொன்னான், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவனுக்கும் சொன்னான். கேட்டவர்களுக்குக் காது புளித்ததே தவிர அவனுக்கு வாய் புளிக்கவில்லை.

நாடே எண்ணெய்க்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற வருசத்தில் புடவைக்கடையை மூடினார்கள். சதீஸ்குமார் ஒரு பையோடு தோட்டத்துக்குத் திரும்பி வந்தான். கைக்குழந்தை கிஷாலினி, கார்மெண்ட் வேலையை விட்டிருந்த கலாராணி, தோட்டத்து வரிசை வீடுகளில் அப்பா விட்டுப்போன ஒரு லயக்காம்பரா. இவ்வளவுதான் அவன் சொத்து. பக்கத்துக் காம்பராவில் அக்கா சுதர்ஷினி. அவள் கொழுந்தெடுக்கிறவள். விடிந்தால் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து மலை ஏறினால், இருட்டுகிற நேரத்தில்தான் இறங்குவாள்.

“நீயும் வந்து பேர் குடு. செடி கவ்வாத்து வெட்ட ஆள் எடுக்கிறாங்க” என்றாள் அக்கா.

அவன் போகவில்லை. திமிர் இல்லை அது. அப்பாவும் அம்மாவும் பெரட்டுக் களத்தில் நின்று நின்றே தேய்ந்து போனதைப் பார்த்தவன். நம்மோடு அது நிற்கட்டும் என்று ஒரு வைராக்கியம். ஆனால் வைராக்கியத்தை உலையில் போட்டால் சோறாகுமா? ஆகாது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, தங்கத்தில் ட்ரேடிங் செய்யக் கற்றுக்கொண்டான்.

தங்கம் என்றால் கழுத்தில் போடுகிற தங்கம் இல்லை. திரையில் ஏறி இறங்குகிற ஒரு கோடு. ஏறும் என்று தோன்றினால் வாங்கிப் போடுவான், ஏறினதும் விற்பான். கைக்கும் படாது, கண்ணுக்கும் படாது, ஆனால் தவறினால் அடி மட்டும் நிசமாகப் படும். அவன் ஒன்றும் பேராசைக்காரன் இல்லை. கொஞ்சமாகப் போட்டான், கொஞ்சமாக எடுத்தான். சில மாதம் கையைச் சுட்டது, சில மாதம் அரிசிக்கு ஆனது. குடும்பத்தை நிமிர்த்த அது போதவில்லை.

அதனால்தான் கலாராணி குவைத்துக்குப் போனாள். இரண்டு வருச அக்ரிமெண்ட், வீட்டு வேலை. அவளாகத்தான் சொன்னாள், அவன் அனுப்பவில்லை. இதை அவன் பிறகு எத்தனையோ பேரிடம் அழுத்தி அழுத்திச் சொல்லியிருக்கிறான். ஆனாலும் போகாதே என்று தடுக்கவும் இல்லை. லுணுகலை பஸ் ஸ்டாண்டில் குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு, “இவ ஸ்கூலுக்குப் போற அன்னிக்கு நான் இருப்பேன். அதுக்குள்ள நீங்க நிமிந்துருங்க. அடுத்த அக்ரிமெண்ட்னு ஒண்ணு வேணாம்” என்றாள். கிஷாவுக்கு அப்போது மூன்று வயது. அம்மாவின் கைப்பையைப் பிடித்த பிடியை விடவில்லை. சுதர்ஷினிதான் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

அன்றிலிருந்து சதீஸ்குமாரின் உலகத்தில் இருந்ததெல்லாம் ஒரே எண்ணம். அவளுடைய அக்ரிமெண்ட் முடிகிறதற்குள், ‘போதும், வந்துரு’ என்று சொல்கிற அளவுக்கு நிமிர்ந்துவிட வேண்டும்.

மெயின் ரோட்டு வரைக்கும் வந்திருந்த இன்டர்நெட் லைனை, கம்பெனிக்காரர்களிடம் பல்லிளித்துப் போஸ்ட் போஸ்டாக இழுத்து லயம் வரைக்கும் கொண்டு வந்தான். கரண்ட் போனால் ஓட ஒரு பேட்டரி. லைனே போனால் போனிலிருந்து நெட். ஜன்னல் கம்பியில் அலுமினிய மூடி ஒன்றைக் கட்டி, அதற்கு முன்னால் போனைத் தொங்கவிட்டால் சிக்னல் கூடுதலாக வரும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தான். அந்த மூடி அக்காவின் சோத்துக் குண்டானுக்கு உரியது.

“ஒன் ஆபீச மூடிட்டு மூடியக் குடு தம்பி, சோறு வடிக்கணும்” என்பாள் சுதர்ஷினி.

லயத்தில் கேலி செய்யாதவர்கள் இல்லை. அவன் கவலைப்படவில்லை. ‘லைன் போனா ஆள் போச்சு’ என்பது அவனுடைய வேதம். தங்கத்தை வாங்கிப் போட்ட பிறகு லைன் போய்விட்டால் விற்க முடியாது. விலை விழுவதைப் பார்க்கக்கூட முடியாது. அதனால் என்ன ஆனாலும் லைன் நிற்க வேண்டும். இதில் அவன் கில்லாடி என்று பேர் எடுத்துவிட்டான்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. அந்த மலைச்சரிவில் போனில் நெட்டும் அழைப்பும் ஒன்றாக நிற்காது. யாராவது கூப்பிட்டால் நெட் விழுந்துவிடும். எடுத்துப் பேசினாலும் விழும், அடிக்க விட்டாலும் விழுந்தே கிடக்கும். ரிங் வந்த உடனே வெட்டினால்தான் சட்டென்று எழும்பும். போனில் நெட் ஓடுகிற நேரங்களில் யார் கூப்பிட்டாலும் கட்டை விரல் தானாகப் போய் வெட்டிவிடும்படி அவன் பழகி வைத்திருந்தான்.

கலாராணி பேசுவது வெள்ளிக்கிழமைகளில். அங்கே மேடம் மற்ற நாளெல்லாம் போனை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள். வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டு வீடே தூங்கும்போது இவள் கையில் கொடுப்பாள். இங்கே அப்போது விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். வீடியோவில் வருவாள். கிஷாவை ஜன்னல் முன் நிறுத்தி, பள்ளிக்கூடத்துக்கு வாங்கின சப்பாத்து, தண்ணிப் போத்தல், விழுந்த பல் என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லிப் பார்ப்பாள். பேச நேரமில்லாமல் மேடம் அவசரப்படுத்துகிற நாளில், ஒரு குரல் மெசேஜ் போட்டுவிட்டு, பின்னாலேயே சாதாரண ரிங் கொடுப்பாள். வெட்டினால் சரி, அடிக்க விட்டால் வேண்டாம். பழைய பழக்கம் குவைத் வரைக்கும் போயிருந்தது.

அந்தப் புரட்டாசி வெள்ளிக்கிழமை மத்தியானமே வானம் கறுத்துவிட்டது. மூன்று மணிக்கு மேல் இடியும் மழையும். பசறை ரோட்டில் எங்கேயோ ஒரு டர்பன்டைன் மரம் சாய்ந்து, லைன் போஸ்ட்டையும் சேர்த்துக்கொண்டு விழுந்தது. சதீஸ்குமாரின் ரௌட்டரில் பச்சை விளக்கு சிவப்பானது. கம்பெனிக்கு எடுத்துக் கேட்டான். நாளைக்குத்தான் ஆள் வரும் என்றார்கள்.

வேறு நாளாயிருந்தால் திட்டிவிட்டுப் படுத்திருப்பான். அன்றைக்கு முடியாது. அமெரிக்காவில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கணக்கை மாசத்தின் முதல் வெள்ளிக்கிழமை அந்த ஊர் அரசாங்கம் சொல்லும். நம் நேரத்துக்கு அது சாயந்திரம். அதைக் கேட்ட மாத்திரத்தில் தங்கத்தின் விலை கூழாங்கல் பட்ட குளவிக்கூடு மாதிரி கலைந்து பறக்கும். இரண்டு நாளைக்கு முன்பே சதீஸ்குமார், வழக்கத்துக்கு மாறாகப் பெரிதாக வாங்கிப் போட்டிருந்தான். விலை விழுந்தால் தானாக விற்றுக்கொள்ளும்படி ஒரு தடுப்பு வைக்கலாம். ஆனால் அன்றைக்கு விலை குதிக்கிற குதியில் தடுப்புத்தான் முதலில் அடிபடும் என்று அதை எடுத்துவிட்டிருந்தான். கண்ணால் பார்த்துக் கையால்தான் விற்க வேண்டும்.

ஏன் பெரிதாகப் போட்டான்? கலாராணிக்கு அக்ரிமெண்ட் முடிய இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. இது கூடி வந்தால் டவுனில் ஒரு சின்னக் கடைக்கு முற்பணம் கட்டலாம். புடவைதான் அவனுக்குத் தெரிந்த தொழில். அவளுக்குத் தையல் தெரியும். இரண்டும் சேர்ந்தால் ஒரு கடை. இன்றைக்கு ராத்திரி அவள் வீடியோவில் வந்ததும், ‘போதும் கலா, டிசம்பர்ல வந்துரு’ என்று சொல்லிவிடுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தான். சிரித்துக்கொண்டு சொல்வதா, சாதாரணமாகச் சொல்வதா என்பதுதான் முடிவாகவில்லை.

மூடியைக் கட்டினான். போனைத் தொங்கவிட்டான். வாட்ஸ்அப் உட்பட மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி, இருக்கிற கொஞ்ச நெட்டையும் ட்ரேடிங் பார்க்கிற மடிக்கணினிக்கு மட்டும் விட்டான். கோடு விட்டு விட்டு, ஆனாலும் ஓடியது. மழை கூரைத் தகரத்தில் அடித்த அடியில் காது அடைத்தது.

மலையிலிருந்து நனைந்துகொண்டு இறங்கி வந்த சுதர்ஷினி, எட்டிப் பார்த்தாள்.

“இன்னிக்கும் மூடி போச்சா?”

“இன்னிக்கு ஒரு நாள் விடுக்கா. அமெரிக்காவுல வேலக் கணக்கு சொல்றாங்க.”

“நம்ம தோட்டத்துல எத்தன பேருக்கு வேல இல்லன்னு ஒருத்தனும் எண்ணல. அமெரிக்காக்காரன் எண்ணுறத நீ பாத்துக்கிட்டு இரு” என்று சொல்லிவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு போனாள்.

கிஷா புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை என்றால் அவள் சப்பாத்தைக் கழற்றமாட்டாள். அம்மா வீடியோவில் வந்ததும் காலைத் தூக்கிக் காட்டுவதற்கு.

ஆறு மணிக்குக் கணக்கு. அதற்கு ஒன்றிரண்டு நிமிசம் இருக்கும்போது ஜன்னலில் போன் அதிர்ந்தது. திரையில் கோடு அப்படியே உறைந்து நின்றுவிட்டது.

“அம்மாதான்ப்பா” என்றாள் கிஷா.

அவனும் பார்த்தான். குவைத் நம்பர்தான். கலாராணிதான். தெரியாமல் செய்தான் என்று சொல்ல முடியாது. இவ்வளவு நேரத்தோடு எடுக்கமாட்டாளே என்று ஒரு எண்ணம் ஓடியது உண்மை. அரை மணித்தியாலம் பொறு புள்ள, நல்ல செய்தியோடு நானே எடுக்கிறேன் என்று இன்னொரு எண்ணம். அதற்குள் கட்டை விரல் போய் வெட்டிவிட்டது. முதல் ரிங் முழுசாக முடியவில்லை.

கோடு திரும்ப ஓடத் தொடங்கியது.

“அம்மா பொறகு எடுப்பாங்க” என்று குழந்தையைப் பார்க்காமலே சொன்னான்.

கணக்கு வந்தது. விலை முதலில் கீழே பாய்ந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். பிறகு மேலே திரும்பியது, ஏறியது, ஏறிக்கொண்டே போனது. விற்றான். விற்று முடிந்தது; திரையில் அவன் பேருக்கு நேரே அவன் ஒரு நாளும் பார்த்திராத இலாபம். லைன் ஒரு தரம்கூடப் போகவில்லை. எழுந்து கிஷாவைத் தூக்கிக் கூரை முட்டும்படி ஒரு சுற்றுச் சுற்றினான். சப்பாத்துக் கால் பட்டு அலுமினிய மூடி கீழே விழுந்து உருண்டது. அக்கா அடுத்த காம்பராவிலிருந்து சத்தம் போட்டுக்கொண்டே வந்தாள்.

“அக்கா, டவுன்ல கட. நம்ம கட” என்றான். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தம்பி சிரித்து நாளாகிவிட்டது என்று அவளும் சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் வாட்ஸ்அப்பைத் திறந்தான். கலாராணியின் குரல் மெசேஜ் ஒன்று வந்து விழுந்தது. ரிங்குக்குக் கொஞ்ச நேரம் முன்பு அனுப்பியது. எல்லாரும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

“என்னங்க, மேடம் அவசரப்படுத்துறாங்க. ஏஜென்சி ஆள் வந்து கீழ ஒக்காந்திருக்கு. இன்னும் ரெண்டு வருசத்துக்கு இப்பவே கையெழுத்து வைக்கணுமாம். இல்லாட்டி வேற ஆள் எடுக்கணும், இன்னிக்கே சொல்லுன்றாங்க. எனக்கு... எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அங்க ஒங்க நெலம என்னன்னு தெரியாம நானா ஒண்ணும் சொல்லமாட்டேன். இந்தா ரிங் குடுக்கிறேன். இருன்னா கட் பண்ணுங்க. வரச் சொன்னா அடிக்க விடுங்க. நம்ம பழையபடி.”

மழைச் சத்தத்திலும் அது தெளிவாகக் கேட்டது. சுதர்ஷினியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

“கட் பண்ணினியா தம்பி?”

வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழியை உடைத்தவன் ஓடிப் போய் நம்பரை அழுத்தினான். போன் நிறுத்தப்பட்டிருந்தது. திரும்ப அழுத்தினான். ‘வந்துரு கலா, வந்துரு’ என்று மெசேஜ் மெசேஜாக அனுப்பினான். ஒன்றும் போய்ச் சேரவில்லை. அங்கே அலுமாரி பூட்டியாகிவிட்டது. இனி அடுத்த வெள்ளிக்கிழமைதான்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனான். அவளைக் குவைத்துக்கு அனுப்பி வைத்த ஏஜென்சியில் முன்ஸிப் என்று ஒருவர்; எல்லாரும் அண்ணன் முறையில் ‘நானா’ என்பார்கள். நல்ல மனுசன்; வந்தவரை உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்துப் பேசுகிறவர். சதீஸ்குமார் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். குவைத்துக்கு எடுத்து அரபியில் பேசினார். பேசி முடித்துவிட்டு இவன் பக்கம் திரும்பினார்.

“நேத்து அந்திக்கே சைன் வெச்சிட்டாங்க தம்பி. பாஸ்போட்டும் அவங்கட கையில. இனி இடையில வரணும்டா லேசில்ல. நேத்து ஒரு வார்த்த சொல்லி ஈந்தா நிப்பாட்டி ஈக்கலாம்.”

“நான் சொல்லல நானா. அவ சரின்னு நெனச்சுக்கிட்டா.”

“நீங்க என்னத்த சொன்னீங்க?”

சதீஸ்குமார் எழுந்து வந்துவிட்டான். திரும்பி வருகிற வழியில் பஸ் ஜன்னல் ஓரம் மலைகள் போய்க்கொண்டிருந்தன. லுணுகலையில் இறங்கியபோது, அவன் முற்பணம் கட்ட நினைத்த கடையின் பலகை பாதி திறந்து கிடந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தான்.

லைனைச் சரி செய்துவிட்டார்கள். ரௌட்டரில் பச்சை விளக்கு பழையபடி எரிந்தது. வாரம் முழுக்க அவன் மடிக்கணினியைத் திறக்கவில்லை. எடுத்திருக்கலாமே என்று ஒரு நேரம் தோன்றும். எடுத்திருந்தால் நெட் விழுந்திருக்கும், விலை கீழே பாய்ந்த நேரத்தில் ஒன்றும் தெரியாமல் தவித்திருப்பான், அப்புறம் நெட் எழும்பும்போது விலையும் ஏறித்தான் இருந்திருக்கும். விற்றிருப்பான். ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. அதுதான் அவனைத் தின்றது. அந்த ஒரு ரிங்கை அடிக்க விட்டிருந்தால் கடையும் கிடைத்திருக்கும், அவளும் வந்திருப்பாள். அப்படியே எல்லாம் நட்டமாகியிருந்தாலும்தான் என்ன? அவளைக் கூப்பிடுவதற்காகச் சம்பாதிக்கப் போனவன், அவள் கூப்பிட்டபோது சம்பாதித்துக்கொண்டிருந்தான்.

கிஷாவிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டிசம்பருக்கு இன்னும் எத்தனை நாள் என்று அவள் மட்டும் அத்தையிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. சதீஸ்குமார் மத்தியானத்திலிருந்தே போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டான். விளக்கு வைத்த பிறகு வீடியோவில் வந்தாள். முகத்தில் களைப்பு. ஆனாலும் தலை சீவி, பொட்டு வைத்திருந்தாள். கிஷா காலைத் தூக்கிச் சப்பாத்தைக் காட்டினாள். காட்டி முடிந்ததும் சுதர்ஷினி குழந்தையைத் தன் காம்பராவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“கையெழுத்து வச்சிட்டேங்க” என்றாள் கலாராணி.

“தெரியும்.”

“மொத ரிங்குலயே கட் பண்ணிட்டீங்க” என்று சிரித்தாள். “அன்னிக்கு நான் பண்ணுன மாதிரியே. எனக்கு கார்மெண்ட் ஞாபகம்தான் வந்துச்சு. கையிலயே வச்சுக்கிட்டு இருந்தீங்களா?”

இந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எத்தனையோ புருசன்மார் இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் சொல்லிக் குடும்பம் நடத்துகிறார்கள். அவன் வாயையும் திறந்தான். அதற்குள் அவளே பேசினாள்.

“ஒரு விசயம் சொன்னா கோவிக்கக் கூடாது. ரிங் குடுக்கிறப்ப கண்ண மூடிக்கிட்டு மாரியாத்தாள வேண்டிக்கிட்டேன். அடிச்சுக்கிட்டே இருக்கட்டும் தாயே, அடிச்சுக்கிட்டே இருக்கட்டும்னு. கண்ணத் தொறக்கிறதுக்குள்ள கட் ஆயிருச்சு. பரவால்லங்க. யோசிச்சுத்தான் பண்ணியிருப்பீங்க. நான் வந்தாலும் அங்க என்ன இருக்கு.”

சதீஸ்குமாருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மரம் விழுந்தது, லைன் போனது, போனில் நெட் போட்டது, அவள் மெசேஜ் வராமலே கிடந்தது, எல்லாவற்றையும் சொன்னான். நம்பரைப் பார்த்தேன், நீதான் என்று தெரிந்துதான் வெட்டினேன், நெட் விழுந்துவிடும் என்று வெட்டினேன் என்பதையும் மறைக்காமல் சொன்னான். டிசம்பரில் வா என்று சொல்ல இருந்தேன் என்றும் சொன்னான். முகத்தில் இருந்த சிரிப்பை எடுக்க மறந்தவள் போல அவள் அப்படியே இருந்தாள்.

“அப்ப நீங்க யோசிக்கல.”

“இல்ல.”

“லைன் போகலையில்ல?”

“போகல.”

“அதுக்குத்தான கட் பண்ணினீங்க. போகாம இருந்துச்சே, அது போதும்” என்றாள்.

பின்னால் மேடத்தின் குரல் கேட்டது. கிஷாவுக்கு இரவில் சுடுதண்ணி கொடுக்கச் சொன்னாள், சப்பாத்து அளவு இறுக்கமாகத் தெரிகிறது, ஒரு அளவு பெரிதாக மாற்றி வாங்கச் சொன்னாள், வைத்துவிட்டாள்.

தை மாதம் கிஷா பள்ளிக்கூடம் போனாள். சுதர்ஷினி ஒரு நாள் பெரட்டை விட்டுவிட்டுக் கூடப் போய் வந்தாள். டவுனில் சதீஸ்குமார் கடையைத் திறந்துவிட்டான். புடவை ஓரளவு ஓடுகிறது. உள்ளே ஒரு தையல் மெஷினை வாங்கி உறை போட்டு மூடி வைத்திருக்கிறான். இப்போது நெட் விழுந்தாலும் எழுந்தாலும் அவன் எந்த ரிங்கையும் வெட்டுவதில்லை. கலாராணி வெள்ளிக்கிழமைகளில் தவறாமல் வீடியோவில் வருகிறாள், குழந்தையைப் பார்க்கிறாள், கடையைப் பற்றிக் கேட்கிறாள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாளும், எந்த விசயத்துக்கும், அவனிடம் ரிங் கொடுத்துக் கேட்டதில்லை.